மூன்றாண்டு ஃபிக்ஸட் மோர்ட்கேஜ்: கூடுதலாகக் கட்டியதும் கட்டாமல் சேர்த்ததும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கிய ஒரு தம்பதியின் மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன் கணக்கு இது. காலம் 2021 செப்டம்பர் முதல் 2025 அக்டோபர் வரை. ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. தொகைகள் பெரும்பாலும் முழுப் பவுண்டாகத் தரப்பட்டுள்ளன.

வீட்டின் விலை 240,000 பவுண்டு. கையிலிருந்து போட்டது 40,000, கடன் 200,000. வீட்டு மதிப்பில் கடன் 83.3 சதவீதம் என்பதால் 85 சதவீத எல்.டி.வி. (வீட்டு மதிப்பில் கடனின் பங்கு) படியில் வட்டி கிடைத்தது. மூன்றாண்டுக்கு 1.89 சதவீத ஃபிக்ஸட் (மாறாத வட்டி), மொத்தத் தவணைக்காலம் 30 ஆண்டு, மாதத் தவணை 728 பவுண்டு. ஃபிக்ஸட் காலம் முடியும் நாள் 2024 செப்டம்பர் 30.

ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் முக்கியம். முதலாவது, ஜனவரி 1 அன்று உள்ள கடன் நிலுவையில் 10 சதவீதம் வரை அந்த ஆண்டில் அபராதமின்றிக் கூடுதலாகக் கட்டலாம். இரண்டாவது, அதற்கு மேல் கட்டினாலோ கடனை முழுதாக முடித்தாலோ முன்கூட்டிக் கட்டும் அபராதம், அதாவது ஈ.ஆர்.சி. உண்டு: முதல் ஆண்டில் 3, இரண்டாம் ஆண்டில் 2, மூன்றாம் ஆண்டில் 1 சதவீதம். 10 சதவீத விதியை எல்லா வங்கிகளும் ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுவதில்லை. கடன் தொடங்கிய தேதியிலிருந்து ஆண்டைக் கணக்கிடுகிற வங்கிகளும் உண்டு. இதை ஆஃபர் கடிதத்தில்தான் பார்க்க வேண்டும்.

மனைவி 40 சதவீத வருமான வரிப் படியில் இருக்கிறார், கணவர் 20 சதவீதப் படியில். ஒரு குழந்தை, அப்போது நர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடு வாங்கிய பிறகு கையில் மீதி 10,000 பவுண்டு. கடனை 15 ஆண்டுக்குள் முடிப்பது இருவரின் இலக்கு.

முதல் எட்டு மாதங்கள்

2021 அக்டோபரில் போன முதல் தவணை 728-ஐ விடக் கூடுதலாக இருந்தது. வீடு கைமாறிய நாளிலிருந்து அந்த மாத இறுதி வரையிலான வட்டி முதல் தவணையோடு சேர்ந்து வரும், பிழை இல்லை. நவம்பரிலிருந்து மாதம் 400 பவுண்டு கூடுதலாகக் கட்டத் தொடங்கினார்கள்.

2021 டிசம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து அடிப்படை வட்டியை 0.1-இலிருந்து 0.25 ஆகவும், 2022 பிப்ரவரியில் 0.5 ஆகவும் உயர்த்தியது. வட்டி ஏறுகிறது என்ற பயத்தில் கையிருப்பு 10,000-இல் 8,000-ஐ அதே பிப்ரவரியில் கடனில் கட்டினார்கள். அவர்களது வட்டியோ 2024 வரை அசையாது. அந்தப் பயத்துக்கு அப்போது இடமே இல்லை. ஆனால் இந்த முடிவைப் பின்னால் தெரிந்ததை வைத்து மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்த மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்குகளில் நல்லவை என்று சொல்லப்பட்டவையே 1 சதவீதத்துக்குக் கீழேதான் தந்தன. 1.89 சதவீதக் கடனை அடைப்பது அன்றைய வட்டிக் கணக்குப்படி சரிதான்.

பிழை வேறிடத்தில் இருந்தது. அந்தக் கடனில் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கும் வசதி கிடையாது. கையில் மிஞ்சியது 2,000 பவுண்டு மட்டும். இந்த வீட்டின் இரண்டு மாதச் செலவுக்குக்கூடப் போதாது.

இன்னொன்றும் நடந்தது, அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. பெரிய தொகை வந்ததும் வங்கி மாதத் தவணையைத் தானாகவே மறுகணக்கிட்டு, மார்ச்சிலிருந்து 728-ஐ 693 ஆகக் குறைத்தது. தவணைக்காலம் 30 ஆண்டாகவே நின்றது. பல வங்கிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரே தடவையில் கட்டினால் இதுவே வழக்கம். காலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், அல்லது குறைந்த 35 பவுண்டையும் கூடுதல் கட்டணத்தில் சேர்த்துவிட வேண்டும். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. டைரக்ட் டெபிட்டில், அதாவது கணக்கிலிருந்து தானாகவே போகும் தொகையை எவரும் மாதாமாதம் பார்ப்பதில்லை, ஆகஸ்டில்தான் தெரிந்தது. ஆனால் தவணை குறைவது கெடுதல் என்று பலர் நினைப்பதுபோல் இது கெடுதல் அல்ல. கட்டாயத் தொகை சிறிதாக இருப்பது ஒரு பாதுகாப்பு. மிச்சமாகும் பணம் செலவில் கரைந்தால்தான் நஷ்டம்.

2022 மே: பாய்லர்

ஏப்ரல் முடிய 10,400 பவுண்டு கூடுதலாகக் கட்டியிருந்தார்கள். மே மாதத்தில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் முற்றிலும் நின்றுபோனது. புதியதும் பொருத்தும் கூலியும் 2,900 பவுண்டு. அதே வாரத்தில் கார் பழுதுக்கு 800. கையிலிருந்து 1,200 எடுத்து, மீதி 2,500 கிரெடிட் கார்டில் போனது, ஆண்டுக்கு 22.9 சதவீத வட்டியில்.

அதாவது 1.89 சதவீதக் கடனை அடைத்த அதே குடும்பம் மூன்றே மாதத்தில் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு வட்டியில் கடன் வாங்கியது. கூடுதல் கட்டணத்தை உடனே நிறுத்தி, மாதம் சுமார் 520 பவுண்டாக ஐந்து மாதத்தில் கார்டை முடித்தார்கள். கார்டு வட்டி ஏறத்தாழ 130 பவுண்டு. தொகை சிறியது, அந்த நேரத்தில் வேலை ஏதும் போயிருந்தால் சிறியதாக இருந்திருக்காது.

எடுத்த முடிவும் காரணமும்

2022 செப்டம்பரில் மூன்று சூழ்நிலைகள் மாறின. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதால் நர்சரிக் கட்டணம் நின்றது. கார்டு தீர்ந்தது. செப்டம்பர் 23 அன்று அரசு அறிவித்த மினி பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய மோர்ட்கேஜ் வட்டிகள் எகிறி, அக்டோபரில் இரண்டாண்டு ஃபிக்ஸட் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டியது. சேமிப்பு வட்டியும் மெல்ல ஏறியது.

மாதம் 900 பவுண்டு மிச்சமாகும் நிலை. இதைக் கடனில் கட்டுவதா, சேமிப்பதா என்பதற்கு ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள்: வரி போக சேமிப்பு தரும் வட்டி கடன் வட்டியை விட அதிகமா?

சேமிப்பு வட்டியில் 20 சதவீதப் படிக்காரருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வரியில்லை; 40 சதவீதப் படிக்காரருக்கு 500 வரை. அந்த வரம்புக்குள் இருக்கும்வரை 1.89 சதவீதத்துக்கு மேல் தரும் எந்தக் கணக்கும் கடனை அடைப்பதை விட மேல். வரம்பைத் தாண்டினால் கணவருக்கு 2.36 சதவீதமும் மனைவிக்கு 3.15 சதவீதமும் தேவைப்படும். கடன் வட்டியை, கணவருக்கு 0.8 ஆலும் மனைவிக்கு 0.6 ஆலும் வகுத்தால் இந்த எண்கள் வரும். ஐசா என்னும் சேமிப்புக் கணக்கில் வட்டிக்கு வரியே இல்லை. ஒருவர் ஓர் ஆண்டில் 20,000 பவுண்டு வரை போடலாம்.

அக்டோபரில் 2 சதவீதத்துக்கு மேல் தரும் கணக்குகள் வந்துவிட்டன. ஆகவே ஃபிக்ஸட் முடியும்வரை ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கட்டுவதில்லை என்றும், எல்லாவற்றையும் கணவர் பெயரில் சேர்த்து 2024 அக்டோபரில் மொத்தமாகக் கடனில் போடுவதென்றும் முடிவு செய்தார்கள். கடனை வேகமாக அடைக்க நினைப்பவர்களுக்கு இது மனதளவில் கடினம். நிலுவை மெதுவாகத்தான் குறையும். பக்கத்தில் வளரும் கணக்கை ஏதாவது ஒன்றுக்கு எடுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அதைத் தடுக்க அந்தக் கணக்கை அன்றாடம் பயன்படுத்தும் வங்கியில் வைக்காமல் வேறு வங்கியில் திறந்தார்கள். சம்பளம் வந்த மறுநாளே ஸ்டாண்டிங் ஆர்டரில், அதாவது வங்கிக்குக் கொடுத்துவைத்த நிரந்தர உத்தரவில் 900 போய்விடும்.

சேமிப்புக் காலம்: 2022 அக்டோபர் – 2024 செப்டம்பர்

24 மாதங்களில் போட்டது 21,600. இரு ஆண்டும் மார்ச்சில் வந்த போனஸிலிருந்து தலா 4,000. ஆக 29,600 பவுண்டு.

முதல் ஆறு மாதம் சராசரியாக 2.5 சதவீதம், அடுத்த ஐந்து மாதம் 4 சதவீதம் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அடிப்படை வட்டி 5.25 ஆனது. அம்மாத இறுதியில் அரசின் சேமிப்பு நிறுவனமான என்.எஸ். அண்ட் ஐ., பணத்தைப் பூட்டி வைக்கும் ஓராண்டு பாண்டு ஒன்றை 6.2 சதவீதத்தில் வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்திலேயே அது நிறுத்தப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் 10,000 பவுண்டை அதில் போட்டார்கள். வட்டி மட்டும் காரணமல்ல. ஓராண்டு முடிந்து பணம் கைக்கு வரும் நாள், மோர்ட்கேஜ் ஃபிக்ஸட் முடிவதற்குச் சில வாரங்கள் முன்னால் விழுந்தது. பூட்டி வைக்கும் பணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதிப் பொருத்தம். அரை சதவீத வட்டிக்காகத் தேதியைத் தவறவிட்டால் பணம் தேவைப்படும் நாளில் கிடைக்காது.

பாண்டில் ஒரு வரிச் சிக்கலும் இருந்தது. 620 பவுண்டு வட்டி முழுவதும் முதிரும் ஆண்டின் கணக்கில், அதாவது 2024-25 வரி ஆண்டில் சேரும். மீதிப் பணத்துக்கு அந்த ஆண்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 5 சதவீதத்தில் சுமார் 434. இரண்டும் சேர்த்து 1,054. கணவரின் 1,000 வரம்பைத் தாண்டும். 2024 ஏப்ரல் 6 அன்று புதிய வரி ஆண்டு தொடங்கியதும் ஒரு பகுதியைக் கேஷ் ஐசாவுக்கு மாற்றினார்கள். சிக்கல் தீர்ந்தது.

இரண்டு ஆண்டில் கிடைத்த வட்டி சுமார் 1,540 பவுண்டு. இதே பணத்தை மாதாமாதம் கடனில் கட்டியிருந்தால் மிச்சமாகியிருக்கும் வட்டி சுமார் 580. வித்தியாசம் 950-ஐ ஒட்டி. இரண்டாண்டுக் கட்டுப்பாட்டுக்கு இது பெரிய பரிசு என்று சொல்ல முடியாது. அந்தப் பணம் முழுக் காலமும் கையில் இருந்தது என்பதே பெரிய லாபம்.

மாதம் 300 வரை மட்டும் வாங்கி 7 சதவீதம் தரும் ரெகுலர் சேவர் கணக்கை இவர்கள் எடுக்கவில்லை. ஆண்டு முழுதும் போட்டாலும் 3,600-க்கு 252 வராது; பணம் சிறுகச் சிறுக உள்ளே போவதால் 136.50 மட்டுமே வரும். 5 சதவீதக் கணக்கில் அதே பணம் 97.50 தந்திருக்கும். 39 பவுண்டுக்கு இன்னொரு கணக்கா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

கடனை வேறு வங்கிக்கு மாற்றியது

2024 செப்டம்பர் 30 அன்று நிற்கப்போகும் நிலுவை 174,904 பவுண்டு. எதுவுமே கூடுதலாகக் கட்டாதிருந்தால் 184,704 இருந்திருக்கும்.

புதிய ஃபிக்ஸட் வட்டியை ஆறு மாதம் முன்னதாகவே பிடித்துவைக்க முடியும். ஏப்ரலில் புதிய வங்கி ஒன்றில் 4.49 சதவீத ஐந்தாண்டு ஆஃபரைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் அடிப்படை வட்டி 5.25-இலிருந்து 5 ஆகக் குறைந்தது. மோர்ட்கேஜ் வட்டிகளும் இறங்கின. பிடித்துவைத்த ஆஃபர் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. செப்டம்பரில் அந்தப் புதிய வங்கியிலேயே குறைந்த வட்டிக்கு மாறிக்கொண்டார்கள்: 75 சதவீத எல்.டி.வி. படியில் 4.12, 60 சதவீதப் படியில் 3.94.

60 சதவீதப் படிக்குள் வருவதே திட்டம். வீட்டின் மதிப்பு 258,000 என்று நம்பியிருந்தார்கள். அப்படியானால் 154,800 வரை கடன் வாங்கலாம். வங்கி போட்ட மதிப்போ 254,000. எல்லை 152,400 ஆகச் சுருங்கியது. ஒதுக்கியிருந்த 22,000 போதவில்லை. அவசர நிதியாக வைத்திருந்த மீதிச் சேமிப்பிலிருந்து 700 பவுண்டு எடுக்க நேர்ந்தது. புதிய கடன் 152,200, அதாவது 59.9 சதவீதம். 999 பவுண்டு கட்டணத்தைக் கடனோடு சேர்க்காமல் கையிலிருந்து கட்டினார்கள், சேர்த்திருந்தால் 60.3 சதவீதம் ஆகியிருக்கும். சில வங்கிகள் கட்டணத்தை எல்.டி.வி. கணக்கில் எடுப்பதில்லை, ஆனாலும் அதற்கு ஐந்தாண்டு வட்டி கட்டுவானேன்?

வட்டி வித்தியாசம் 0.18 சதவீதம், முதல் ஆண்டில் சுமார் 270 பவுண்டு. படி எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கடைசியாகச் சேர்க்கும் சில நூறு பவுண்டு முழுக் கடனின் வட்டியையும் குறைக்கிறது. எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருப்பவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

வங்கி மாறும்போது பெரிய தொகையைப் பழைய வங்கிக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. புதிய கடனைக் குறைவாக எடுத்து, பற்றாக்குறையான 22,704 பவுண்டையும் சில்லறைக் கட்டணங்களையும் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கணக்குக்கு அனுப்பினால் அவர் பழைய கடனை முழுதாக அடைப்பார். பழைய கடனுக்கான தீர்வுத் தொகைக் கடிதத்தை அவரே கேட்டு வாங்குவார்.

இங்கே ஒரு தவறு மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. சொலிசிட்டர் அலுவலகம் வேலையை முடிக்கக் குறித்த தேதி செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. ஈ.ஆர்.சி. 30 வரை உயிரோடு இருந்தது. முழு நிலுவையில் 1 சதவீதம், ஏறத்தாழ 1,750 பவுண்டு போயிருக்கும். கணவர் தீர்வுத் தொகைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்ததால் தெரிந்தது. தேதி அக்டோபர் 1, செவ்வாய்க்கு மாறியது. ஒருநாள் பிந்தினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது: பழைய வங்கியின் எஸ்.வி.ஆர்., அதாவது ஃபிக்ஸட் முடிந்ததும் பொருந்தும் மாறும் வட்டியான 7.99 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 38 பவுண்டு. முந்தினால் 1,750, பிந்தினால் நாளுக்கு 38. மாத இறுதியில் முடியும் ஃபிக்ஸட்டுக்கு அடுத்த மாதம் முதல் வேலைநாளையே கேட்க வேண்டும்.

எல்லாம் கட்டிய பின் கையில் நின்றது சுமார் 8,100 பவுண்டு.

புதிய கடனில் கணக்கு திரும்பியது

3.94 சதவீதத்தில் அதே கேள்விக்கு விடை வேறு. வரியில்லா வரம்பைத் தாண்டிய சேமிப்பு கணவருக்கு 4.93 சதவீதமும் மனைவிக்கு 6.57 சதவீதமும் தந்தால்தான் கடனுக்கு ஈடாகும். வரம்புக்குள் சேமிப்பு கொஞ்சம் மேலாக இருந்தாலும், அடிப்படை வட்டி இறங்குமுகத்தில் இருந்தது: 2024 நவம்பரில் 4.75, 2025 பிப்ரவரியில் 4.5, மே மாதத்தில் 4.25, ஆகஸ்டில் 4. ஆகவே மறுபடி கூடுதலாகக் கட்டத் தொடங்கினார்கள்: மாதம் 600. மீதியில் 200 அவசர நிதிக்கு.

காலத்தைக் குறைக்கலாமா என்று புரோக்கர் கேட்டார். 15 ஆண்டுக்கு எடுத்தால் கட்டாயத் தவணை 1,121. 27 ஆண்டுக்கு எடுத்தால் 764. 27 ஆண்டுக்கு எடுத்து மாதம் 600 கூடுதலாகக் கட்டினால், இதே வட்டி நீடிக்கும் பட்சத்தில் சுமார் 11 ஆண்டு 8 மாதத்தில் கடன் முடியும். 27 ஆண்டு வட்டியான 95,000-இல் சுமார் 57,000 குறையும். வட்டி உறுதியானது ஐந்தாண்டுக்கு மட்டுமே என்பதால் இந்த எண் ஒரு திசைகாட்டி மட்டுமே. கட்டும் பணம் ஒன்றாக இருந்தால் இரண்டு வழியிலும் வட்டி ஒன்றுதான். ஒன்றில் கட்டாயம், மற்றதில் விருப்பம். இவர்கள் 27-ஐத் தேர்ந்தார்கள்.

600 பவுண்டை மோர்ட்கேஜ் கணக்கு எண்ணைக் குறிப்பாகப் போட்டு ஸ்டாண்டிங் ஆர்டரில் மாதத் தொடக்கத்திலேயே அனுப்புகிறார்கள். வட்டி தினசரி கணக்கிடப்படுவதால் முன்னால் போகும் நாள் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். முதல் மாதம் வங்கி அதை அடுத்த தவணைக்கான முன்பணமாக எடுத்துக்கொண்டது. அழைத்துச் சொன்ன பிறகு அசலில் கழித்தது. முதல் கூடுதல் கட்டணம் போன வாரத்தில் நிலுவையைப் பார்த்தால்தான் இது தெரியும். ஆண்டுக்கு 7,200 என்பது 10 சதவீத வரம்பான 15,220-க்கு நன்றாகவே உள்ளே இருக்கிறது.

விளைவு

2025 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மனைவிக்குச் சம்பளமில்லா விடுப்பு. கூடுதல் கட்டணத்தை இரண்டு மாதம் நிறுத்தினார்கள், ஏப்ரலில் திரும்பத் தொடங்கினார்கள். எந்தக் கார்டிலும் கடன் வாங்கவில்லை. 1,121 கட்டாயத் தவணையாக இருந்திருந்தால் அவசர நிதி கரைந்திருக்கும்.

அக்டோபர் 2025-இல் நிலுவை 142,870 பவுண்டு. தவணை மட்டும் கட்டியிருந்தால் 148,973. நான்கு ஆண்டில் கடன் 57,130 குறைந்திருக்கிறது.

மறுபடி செய்தால் மாறுவது

2022 பிப்ரவரியில் 8,000 கட்டியிருக்கக் கூடாது. அந்தப் பணம் சேமிப்பில் இருந்திருந்தால், கார்டு வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 400 பவுண்டு மிச்சம். மூன்று மாதச் செலவு கையில் சேர்ந்த பிறகே முதல் கூடுதல் கட்டணம் போயிருக்க வேண்டும். அதுவரை 400 பவுண்டும் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

வீட்டு மதிப்பை நம்பிக்கையான எண்ணில் வைத்துப் படியைக் கணக்கிட்டதும் தவறு. 5 சதவீதம் குறைத்துப் போட்டிருந்தால் 245,100 என்றும், எல்லை 147,060 என்றும் வந்திருக்கும். அவசர நிதியைத் தொடாமல் அவ்வளவு சேர்க்க முடியாது என்பது 2023-லேயே தெரிந்திருக்கும்; குறைந்தபட்சம் கடைசி வாரத்தில் அவசர நிதியில் கைவைக்க வேண்டி வந்திருக்காது.

மனைவியின் நிறுவனம் ஊழியர் போடும் ஓய்வூதியப் பங்குக்கு ஈடாகத் தானும் போடும் திட்டத்தை 2025 ஏப்ரல் வரை அவர் முழுதாகப் பயன்படுத்தவில்லை. 40 சதவீத வரிச் சலுகையோடு நிறுவனத்தின் பங்கும் சேரும் பணத்தின் பக்கத்தில் 1.89 சதவீதக் கடனை அடைப்பது நிற்காது. ஓய்வூதியப் பணம் பல ஆண்டுகளுக்குப் பூட்டப்படும் என்பதால் அவசர நிதிக்கு அடுத்தபடியாகவே அது வரும். ஆனால் கூடுதல் கட்டணத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். 2025 மே முதல் அந்தப் பங்கு முழுதாகப் போகிறது.